மீட்டர் பீப் அடிக்கிறது, பாதிச் சேனல் வரவில்லை: ஆர்ஜி-6 கேபிளில் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாகை_சேகர்

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தில் மாடி வீடு. டிஷ் மொட்டை மாடியில், டிவி தரைத்தள ஹாலில். நடுவில் 28 மீட்டர் அளவுக்கு ஆர்ஜி-6 கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஃபோம், அதற்கு மேல் உலோகப் பின்னல் உள்ள டிவி கேபிள்). அதில் பாதிக்கு மேல் சுவருக்குள் பைப்பில் போகிறது. ஐப்பசி மழைக்கு அப்புறம் பாதிச் சேனல்கள் காணாமல் போய்விட்டன. மீதிப் பாதி ஒரு குறையும் இல்லாமல் வருகிறது.

சர்வீஸ் ஆள் வந்து எல்என்பியை (டிஷ் முன்னால் சிக்னலை வாங்குகிற கருவி) மாற்றினார், டிஷ்ஷை அசைத்துப் பார்த்தார், கேபிளில் மல்டிமீட்டரை வைத்தார், பீப் அடித்தது. "கேபிள் நல்லாத்தான் இருக்கு சார், பாக்ஸ்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெட்டியை வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் அதே பாதிதான் வருகிறது. அவர்கள் வீட்டில் அதே பெட்டியில் எல்லாம் வருகிறது. ஆகக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

சுவரை உடைப்பதற்கு முன்னால் உறுதி செய்துகொள்ள வழி உண்டா? கையில் இருப்பது சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றுதான்.

டிஷ்_ராஜா

சேகர் அண்ணே, பாதி வருது, பாதி வரலைன்னு சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெட்டி அதே கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்கு கரண்டும் கொடுக்கிறது. 13 வோல்ட் கொடுத்தால் எல்என்பி ஒரு போலரைசேஷனை (அலை அதிர்கிற திசை, சேனல்கள் இரண்டு திசையாகப் பிரிந்து வரும்) எடுக்கும், 18 கொடுத்தால் இன்னொன்றை எடுக்கும். மாறும் இடம் 14-க்கும் 15.5-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும், எல்என்பியைப் பொறுத்தது. பெட்டி 18 அனுப்பியும் மாடிக்கு 14 மட்டும் போய்ச் சேர்ந்தால், எல்என்பி அதை 13 என்று நினைத்துக்கொண்டு மறுபக்கத்துக்குப் போகவே போகாது. அந்தப் பக்கத்துச் சேனல் மொத்தமும் அவுட்.

வோல்டேஜை மேலே அளக்க வேண்டும். ஆனால் எல்என்பியைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். லோடு இல்லாமல் அளந்தால் எவ்வளவு மோசமான கேபிளும் 18 காட்டும். கரண்டு ஓடினால்தான் வோல்டேஜ் இறங்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். மாடிப் பக்கம் எல்என்பிக்குப் பதிலாக நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் குறுக்கே அதைப் பிடித்து, பெட்டியை வராத சேனல் ஒன்றில் வைத்து, ரெசிஸ்டர் மேல் வோல்டேஜ் பாருங்கள். 180 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், எல்என்பி இழுப்பதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். நல்ல கேபிள் என்றால் 17-க்கு மேல் நிற்கும்.

ரெசிஸ்டர் சூடாகும், வெறும் விரலால் பிடிக்காதீர்கள்.

கேபிள்கார_அக்கா

தம்பி, 28 மீட்டர் கேபிள் என்ன விலை வந்துவிடும்? நான் மதுரையில் இத்தனை வருஷமாக லைன் ஓட்டுகிறேன். ட்ராப் கேபிளில் (தெரு லைனிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற கேபிள்) பழுதென்றால் அளந்துகொண்டு நிற்க மாட்டோம், அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசு இழுப்போம். சுவருக்கு வெளியே கிளிப் அடித்து இறக்கினால் ஒரு மணி நேர வேலை.

அது வேண்டாம் என்றால் முதலில் இரண்டு முனையையும் பாருங்கள். பத்தில் ஒன்பது பழுது முனையில்தான் இருக்கும். கையால் திருகி மாட்டுகிற கனெக்டரா, அழுத்தி இறுக்கியதா? திருகு வகை என்றால் உப்புக்காற்றில் அது நிற்கவே நிற்காது. கழற்றி, முனையிலிருந்து ஒரு சாண் வெட்டி எறியுங்கள். வெட்டின இடத்தில் பின்னல் பளபளப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா? நடுக்கம்பி செம்பு நிறத்திலா, கறுத்தா? வெள்ளை ஃபோம் பழுப்பாகி இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல இடம் வருகிற வரை வெட்டுங்கள். புதுக் கனெக்டர் போடும்போது பின்னலில் ஒரு இழை கூட நடுக்கம்பிப் பக்கம் திரும்பக் கூடாது. அந்த ஒரு முடியால் எத்தனை வீட்டில் ஷார்ட் எடுத்திருக்கிறேன் தெரியுமா.

இன்னொன்று: கேபிள் ஒரே துண்டுதானா, நடுவில் ஜாயின்ட் இருக்கிறதா?

நாகை_சேகர்

அக்கா, வெளியே கிளிப் அடிப்பதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்காது, போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடித்தது. ஜாயின்ட் இருப்பதாகத் தெரியவில்லை, வீட்டை வாங்கியபோதே கேபிள் இருந்தது.

இரண்டு முனையும் வெட்டி அழுத்துக் கனெக்டர் போட்டாகிவிட்டது. மேல் முனையில் பின்னல் கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது, முக்கால் மீட்டர் வெட்டியதும் நல்லதாக வந்தது. கீழ் முனை புதுசு மாதிரி. சேனல் நிலைமையில் மாற்றம் இல்லை.

ராஜா சொன்ன ரெசிஸ்டர் சோதனையும் செய்தேன். பெட்டி முனையில் 18.2, மாடியில் 14.2. ரெசிஸ்டரை எடுத்தால் மாடியிலும் 18.2 காட்டுகிறது!

டிஷ்_ராஜா

பிடித்தாயிற்று. 4 வோல்ட் நடுவில் எங்கோ தின்னப்படுகிறது. 142 மில்லி ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் விழுந்தால் கேபிள் 28 ஓம். இவ்வளவு நீளத்துக்கு அது அநியாயம்.

பழைய_லைன்மேன்

சேகருக்கு: அந்தப் பீப் சத்தத்தை யாரும் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான மீட்டர்களில் பஸ்ஸர் 30 ஓம், சிலவற்றில் 50 ஓம் வரைக்கும் கூட அடிக்கும். கம்பி எங்காவது போய்ச் சேருகிறதா என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. எண்ணைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது லூப் சோதனை. பெட்டி, எல்என்பி இரண்டையும் கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும் லைனில் ஓம் அளக்கக் கூடாது, மீட்டர் போய்விடும். மாடி முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டு, கீழே இருந்து 200 ஓம் ரேஞ்சில் அளங்கள். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வருகிற 0.2, 0.3-ஐக் கழித்துவிடுங்கள்.

எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு நடுக்கம்பி என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜ் காந்தத்தைக் கம்பியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் செம்புப் பூச்சு போட்ட எஃகு, நம் கடைகளில் கிடைப்பது முக்காலும் அதுதான். அதில் நடுக்கம்பியும் பின்னலும் சேர்ந்து மீட்டருக்கு 0.1 ஓமுக்குச் சற்று மேல் வரும். உங்கள் நீளத்துக்கு 3, 3.5 ஓம். ஒட்டாவிட்டால் முழுச் செம்பு, 1.5-ஐத் தாண்டக் கூடாது.

அளந்த பிறகு மீட்டரின் சிவப்பு, கறுப்பை இடம் மாற்றி இன்னொரு முறை அளங்கள். இதை மறக்க வேண்டாம்.

நாகை_சேகர்

ஐயா, காந்தம் ஒட்டுகிறது. லூப் 27 ஓம். வயரை மாற்றிப் பிடித்தால் 19! மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது. வைத்துக்கொண்டே இருந்தால் எண் மெதுவாக ஊர்கிறது. மீட்டர் கோளாறா?

பழைய_லைன்மேன்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. வெறும் ரெசிஸ்டன்ஸ் என்றால் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவுதான் வரும். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு ஈரம் என்றால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடுகிறது. மீட்டர் அனுப்புகிற கரண்டுக்கு அது ஒரு பக்கம் துணை போகும், மறுபக்கம் எதிர்த்து நிற்கும். அதனால்தான் 27, 19 என்று இரண்டு பதில். சந்தேகம் இருந்தால் மேலே கட்டிய கம்பி அப்படியே இருக்க, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பெட்டியும் இல்லை, எல்என்பியும் இல்லை, ஆனாலும் ஏதோ ஒரு வோல்டேஜ் காட்டும்.

அலுமினியப் பின்னலும் செம்போ பித்தளையோ சேருகிற இடத்தில்தான் இது வரும். வெறும் கேபிளின் நடுவில் வராது. உங்கள் சுவருக்குள் ஒரு ஜாயின்ட் இருக்கிறது. வீட்டை விற்றவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் போகிற கோஆக்ஸ் (இதே நடுக்கம்பி, பின்னல் வகை) டிரங்க் ரூட்டில் நாங்கள் கேபிளுக்குள் உலர்ந்த காற்றை அழுத்தம் கொடுத்து நிரப்பியே வைத்திருப்போம். அழுத்தம் இறங்கினால் உறையில் எங்கோ ஓட்டை என்று தண்ணீர் நுழைவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வீட்டுக் கேபிளுக்கு அந்த யோகம் கிடையாது.

காரைக்கால்_பொடியன்

ஐயா, ஒரு சந்தேகம். நான் மூன்றாம் வருட ஈசிஇ. கெபாசிட்டன்ஸ் (நடுக்கம்பியும் பின்னலும் சேர்ந்து மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் அளவு, நீளத்துக்கேற்பக் கூடும்) அளந்து தூரம் கண்டுபிடிக்கலாம் என்று லேபில் சொல்லிக்கொடுத்தார்கள். ஃபோம் வைத்த ஆர்ஜி-6 மீட்டருக்கு 53 பிகோஃபாரட். மறுமுனையைத் திறந்து விட்டு, கீழே 0.58 நானோஃபாரட் காட்டினால் 580-ஐ 53-ஆல் வகுத்து, 11 மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சேகர் அண்ணன் மீட்டரில் அந்த ரேஞ்ச் இருந்தால் போதுமே?

பழைய_லைன்மேன்

சொல்லிக்கொடுத்தது சரி தம்பி. கம்பி முழுசாக அறுந்திருந்தால் அருமையான முறை, காசில்லாத முறை. அணில் கடித்து நடுக்கம்பி துண்டானால் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் இங்கே கம்பி அறுபடவில்லை. அழுகிய ஜாயின்டின் 25 ஓம் வழியாக மறுபாதியும் தொடர்பில்தான் இருக்கிறது. மீட்டர் மெதுவாக அளக்கிற அளவுக்கு அந்த 25 ஓம் ஒரு தடையே இல்லை. முழு 28 மீட்டருக்கான 1.5 நானோஃபாரட்டையும் காட்டிவிடும்.

அறுந்தால் கெபாசிட்டன்ஸ், ஷார்ட் ஆனால் ரெசிஸ்டன்ஸ். இப்படி நடுவில் அழுகினால் இரண்டும் கை கொடுக்காது. அதற்குப் பல்ஸ் விட்டுப் பார்க்கிற கருவி வேண்டும். அது ஹாம்காரர்கள் (அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவர்கள்) ஏரியா, அவர்கள் வந்து சொல்லட்டும்.

ஹாம்_வண்டு

கூப்பிட்டதும் வந்துவிட்டேன், கோயம்புத்தூரிலிருந்து.

விஷயம் சுலபம்தான். கேபிளில் ஒரு பல்ஸை அனுப்பினால், 75 ஓம் (மல்டிமீட்டரில் வருகிற ஓம் அல்ல, ஓடுகிற சிக்னலுக்குக் கேபிள் காட்டுகிற இம்பிடன்ஸ்) மாறாமல் இருக்கும் வரை அது பேசாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே அந்த 75 மாறுகிறதோ அங்கே ஒரு பங்கு திரும்பி வரும். 75-க்கு மேலே ஏறினால் அனுப்பிய திசையிலேயே, கீழே இறங்கினால் தலைகீழாக. போய் வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம். இதைச் செய்கிற கருவிக்கு டிடிஆர் என்று பெயர். தனி டிடிஆர் விலை நமக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் நானோவிஎன்ஏ என்று கையடக்கமாக ஒன்று வருகிறதே, அது கணக்குப் போட்டு அதே படத்தைக் காட்டும். ஹாம் வைத்திருப்பவர்கள் பாதிப் பேரிடம் இருக்கும்.

யாராவது அதைக் கொண்டுபோனால் கவனிக்க வேண்டியவை:

பெட்டியையும் எல்என்பியையும் கழற்றாமல் மாட்டவே கூடாது. 18 வோல்ட் உள்ளே போனால் அந்தக் கருவி அன்றோடு சரி.

வெலாசிட்டி ஃபாக்டரை (ஒளி வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளில் சிக்னல் போகிறது என்ற எண்) சரியாகக் கொடுக்க வேண்டும். ஃபோம் ஆர்ஜி-6-க்கு 0.82 முதல் 0.85. உள்ளே திடமான பாலித்தீன் வைத்த ஆர்ஜி-58, ஆர்ஜி-213 வகைக்கு 0.66. தப்பாகக் கொடுத்தால் பழுது இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தெரியும், சுவரை உடைக்கிற இடத்தில் அது பெரிய விஷயம். முழு நீளம் தெரிந்தால் கேபிளின் கடைசி முனை அந்த நீளத்தில் தெரிகிற வரை எண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 101 புள்ளி மட்டும் எடுக்கும் மாடலில் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் கொடுத்தால் (அலைவரிசையைப் படிப்படியாக ஏற்றி அளந்தால்), இந்தக் கேபிளில் 14 மீட்டர் வரைக்கும்தான் அதற்குக் கண் தெரியும். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் சுற்றி வந்து முன்னால் உட்கார்ந்துகொள்ளும். 20 மீட்டரில் இருக்கிற பழுதை 6 மீட்டரில் இருப்பதாகச் சொல்லும். ஸ்வீப்பை 200 மெகாஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள், 60 மீட்டருக்கு மேல் பார்க்கும். துல்லியம் கொஞ்சம் குறையும், அரை மீட்டர், முக்கால் மீட்டர் முன்பின் ஆகலாம்.

அப்புறம், கருவி 50 ஓம், கேபிள் 75 ஓம். அதனால் வாசலிலேயே ஒரு படி ஏறித் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும். அது பழுதல்ல, பயப்பட வேண்டாம்.

டிஷ்_ராஜா

எல்லாம் சரி அண்ணே. ஆனால் நான் ஒரு நாளைக்கு நாலு வீடு போனால்தான் அடுப்பு எரியும். இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டுக்காரர் தனியாகக் காசு கொடுப்பாரா? ரெசிஸ்டரை வைத்து 17-க்குக் கீழே வந்தால் கேபிள் மாற்று என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது. சர்வீஸ் ஆள் பீப்பை நம்பியதும் அதே அவசரத்தில்தான் இருக்கும், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

கேபிள்கார_அக்கா

ராஜா தம்பி சொல்வது நியாயம். ஆனால் அந்த ரெசிஸ்டர் சோதனையையாவது எல்லோரும் செய்யலாமே. எல்என்பியை வீணாக மாற்றிப் பில் போட்டார்கள் இல்லையா, அதற்கு அது மேல்.

காரைக்கால்_பொடியன்

சேகர் அண்ணே, காரைக்காலிலிருந்து நாகைக்கு பஸ்ஸில் அரை மணி சொச்சம்தான். நண்பனிடம் நானோவிஎன்ஏ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? எனக்கும் லேபுக்கு வெளியே ஒரு நிஜப் பழுதைப் பார்க்க ஆசை.

நாகை_சேகர்

தாராளமாக வா தம்பி. மதியச் சாப்பாடு இங்கேதான்.

காரைக்கால்_பொடியன்

பார்த்தாயிற்று. விவரம் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

கீழ் முனையில் மாட்டி 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினோம். வாசல் படி, அதற்குப் பிறகு நேர்கோடு, 17.4 மீட்டரில் ஒரு கூரான மேடு, அப்புறம் கடைசியில் இன்னொன்று. கடைசி மேடுதான் மாடி முனையா என்று உறுதி செய்ய, அண்ணனை மாடிக்கு அனுப்பி நடுக்கம்பியையும் பின்னலையும் தொடவிட்டோம். தொட்டதும் கடைசி மேடு அப்படியே பள்ளமாகப் புரண்டது. 17.4-இல் இருந்தது அசையவே இல்லை. ஆக அதுதான் பழுது.

முக்கால் மீட்டர் வெட்டிய பிறகு நீளம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாததால் வெலாசிட்டி ஃபாக்டர் மேல் நம்பிக்கை வரவில்லை. அதனால் கருவியை மாடிக்குக் கொண்டுபோய் மேலிருந்தும் அளந்தோம். 9.9 மீட்டர். எந்த எண் கொடுத்தாலும் இரண்டு தூரத்தின் விகிதம் மாறாது இல்லையா, அதனால் கேபிள் போகிற வழியை டேப் வைத்து அளந்து அதே விகிதத்தில் பிரித்தோம். கீழிருந்து போனால் மாடிப்படித் திருப்பத்துச் சுவர், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே.

நாகை_சேகர்

மீதியை நான் சொல்கிறேன். அந்த இடத்தில் விரலால் தட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சத்தம் மாறுகிறது. பெயின்டைச் சுரண்டினால் ஸ்விட்ச் பாக்ஸ் மூடி! முதல் மாடியை முன்பு வாடகைக்கு விட்டிருந்தபோது அங்கே ஒரு டிவி பாயின்ட் இருந்திருக்கிறது. வேண்டாம் என்றானதும் இரண்டு கேபிள் முனையையும் ஒரு பேரல் ஜாயின்டில் சேர்த்து, உள்ளே திணித்து, வெறும் மூடி போட்டு, மேலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

ஜாயின்டை இழுத்தபோது ஒரு பக்கக் கனெக்டர் கையோடு வந்துவிட்டது. திருகு வகை. உள்ளே பச்சைக் களிம்பு, பின்னல் இழைகள் தொட்டால் மாவாகக் கொட்டுகின்றன. பாக்ஸின் அடியில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. மாடியில் பைப்பின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது, கேபிள் நேராக அதற்குள் இறங்குகிறது. மழை கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கியிருக்கிறது.

நல்ல இடம் வரை வெட்டி, புது அழுத்துக் கனெக்டரும் புது பேரலும் போட்டோம். லூப் 3.4 ஓம், வயரை மாற்றிப் பிடித்தாலும் 3.4. மாடியில் ரெசிஸ்டரோடு 17.6. எல்லாச் சேனலும் வந்துவிட்டது. தம்பி மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போனான்.

கேபிள்கார_அக்கா

மேலே பைப் வாயைக் கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டுத் திருப்புங்கள். கேபிளையும் வாய்க்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றி உள்ளே விடுங்கள், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு இதே இழையில் திரும்ப எழுதுவீர்கள்.

காரைக்கால்_பொடியன்

வண்டு சார், இன்னொரு கேள்வி. உங்கள் ஆன்டெனா கேபிளுக்கு எஸ்டபிள்யூஆர் (அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது) பார்ப்பீர்களே, அது நன்றாக இருந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஹாம்_வண்டு

கூடவே கூடாது. எங்கள் ஆட்களே நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. கேபிள் கெடக் கெட எஸ்டபிள்யூஆர் அழகாகிக்கொண்டே வரும்.

30 மீட்டர் ஆர்ஜி-213, 145 மெகாஹெர்ட்ஸ். நல்ல கேபிள் என்றால் ஒரு வழிக்கு 3 டெசிபலுக்குள் இழப்பு. மேலே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கீழே ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதை விடத் திரும்பி வருவது எத்தனை டெசிபல் குறைவு என்பது) பார்த்தால் 6-க்குள் வர வேண்டும். போனது முழுவதும் திரும்புகிறது, போகும்போது 3, வரும்போது 3. இதே கேபிள் தண்ணீர் குடித்து ஒரு வழிக்கு 7 டெசிபல் தின்கிறது என்று வையுங்கள். ரிட்டர்ன் லாஸ் 14 காட்டும், அதாவது எஸ்டபிள்யூஆர் 1.5. மேலே ஆன்டெனாவே இல்லை, மீட்டர் 1.5 என்கிறது! திரும்பி வர வேண்டிய பவரைக் கேபிள் வழியிலேயே சூடாக்கிவிட்டது. 50 வாட் அனுப்பினால் மேலே 10 வாட்தான் போய்ச் சேரும்.

அதனால் கேபிளைச் சோதிக்க வேண்டுமென்றால் மறுமுனையைத் திறந்து வை, அல்லது ஷார்ட் செய், ரிட்டர்ன் லாஸைப் பாதியாக்கு, அட்டவணையோடு ஒப்பிடு. ஆன்டெனாவோடு அளக்கிற எஸ்டபிள்யூஆரில் கேபிளின் உடல்நிலை தெரியாது. பிஎல்-259 கனெக்டருக்குத் தண்ணீர் புகாத தன்மை சுத்தமாகக் கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப்.

சிசிடிவி_குமார்

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் கேஸ் நேர் எதிர். கடைக்கு அனலாக் கேமரா, 40 மீட்டர் ஆர்ஜி-59. படம் இல்லை. நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் சில ஓம் காட்டுகிறது, இரண்டு முனையும் கழற்றியும்கூட. ஷார்ட்தான். ஃபால்ஸ் சீலிங் மேலே போகிறது, எல்லாப் பலகையையும் இறக்க முடியாது. நானோவிஎன்ஏ எல்லாம் இல்லை. மெக்கர் (அதிக வோல்டேஜ் விட்டு இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) இருக்கிறது, அது உதவுமா?

பழைய_லைன்மேன்

மெக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். இன்சுலேஷன் லேசாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. ஷார்ட் இருப்பது ஏற்கனவே தெரிகிறது. கேமராவோ டிவிஆரோ (கேமரா படத்தைப் பதிவு செய்கிற பெட்டி) மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் விட்டால் அதற்குத் தனிச் செலவு.

உங்களுக்கு மல்டிமீட்டரே போதும். இரண்டு முனையிலிருந்தும் ஓம் அளங்கள், அளக்கும்போது மறுமுனை திறந்தே இருக்கட்டும். ஷார்ட் ஆன இடத்தில் எவ்வளவு தொடர்பு இருக்கிறது, 0 ஓமா 5 ஓமா என்று நமக்குத் தெரியாது. ஆனால் இரண்டு அளவிலும் அது ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது போய்விடும். டிவிஆர் பக்க அளவிலிருந்து கேமரா பக்க அளவைக் கழியுங்கள். அதை, மீட்டருக்கு எத்தனை ஓம் என்பதன் இரண்டு மடங்கால் வகுத்து, கேபிளின் பாதி நீளத்தோடு கூட்டுங்கள். டிவிஆரிலிருந்து பழுது வரை உள்ள தூரம் அதுதான்.

மீட்டருக்கு எத்தனை ஓம் என்பதை அட்டவணையில் தேட வேண்டாம். அதே ரோலில் மிச்சம் இருந்தால் 10 மீட்டர் எடுத்து ஒரு முனையைச் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

சிசிடிவி_குமார்

மிச்சம் இருந்தது. 10 மீட்டருக்கு 1.8 ஓம். டிவிஆர் பக்கம் 6.7, கேமரா பக்கம் 3.1. வித்தியாசம் 3.6, அதை 0.36-ஆல் வகுத்தால் 10. பாதி நீளம் 20-ஓடு கூட்டினால் 30 மீட்டர். சரியா ஐயா?

பழைய_லைன்மேன்

கணக்குச் சரி. கேமராவிலிருந்து 10 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமிருந்தே தேடுங்கள், கிட்டத்தில் இருக்கும் முனையிலிருந்து போனால் தவறு குறைவு. தளர்வாக விட்ட சுருள், வளைவு எல்லாவற்றையும் நீளத்தில் சேர்க்க வேண்டும்.

சிசிடிவி_குமார்

கிடைத்துவிட்டது! கேமரா பின்னால் ஒரு மீட்டர் சுருட்டி வைத்திருந்தேன், அதையும் சேர்த்து ஒன்பதரை மீட்டரில். பலகை இரண்டுதான் இறக்கினேன். கிளிப் ஆணி சறுக்கிக் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஆணியைப் பிடுங்கியதும் மீட்டரில் ஓப்பன். அந்த இடத்தை வெட்டி பிஎன்சி ஜாயின்ட் போட்டேன், படம் வந்துவிட்டது.

கேபிள்கார_அக்கா

கிளிப் என்றதும் ஞாபகம் வந்தது. ஆணி உள்ளே போகாவிட்டாலும் கிளிப்பைக் கேபிள் நசுங்குகிற அளவுக்கு அடிக்காதீர்கள். அதிலும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே இடைவெளியில் நசுக்கினால், ஒவ்வொரு நசுங்கலிலும் திரும்புகிற சின்னச் சின்ன எதிரொலி எல்லாம் ஒரே அலைவரிசையில் ஒன்று சேர்ந்துவிடும். 30 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 425 மெகாஹெர்ட்ஸ் பக்கம் குழி விழும், 12 சென்டிமீட்டர் என்றால் டிஷ் சிக்னலிலேயே, 1060-ஐ ஒட்டி. எங்கள் லைனில் ஒரு தெரு முழுக்க இரண்டு மூன்று சேனல் மட்டும் புள்ளி புள்ளியாக வந்து, ஆம்ப்ளிஃபையரை எல்லாம் மாற்றிப் பார்த்து, கடைசியில் அந்தத் தெருவுக்குக் கிளிப் அடித்த பையனின் கைநேர்த்திதான் காரணம் என்று தெரிந்தது. கிளிப்பை இடைவெளி கூட்டிக் குறைத்து, கேபிள் உள்ளே வழுக்கிப் போகிற அளவுக்கு மட்டும் அடியுங்கள்.